பட்டாளம் தராத துண்டு

இருபத்து நான்கு வருடங்கள் எல்லையில் யாராலும் வீழ்த்த முடியாத ஹவில்தார் வீரபாண்டியை, அவன் வாயே வீழ்த்தியது. அதுவும் ஒரே ஒரு வாக்கியத்தில்.

பட்டாளத்தை விட்டு வெளியேறும் கடைசி மருத்துவப் பரிசோதனை அது. ஏசி அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் டாக்டர். வீரபாண்டியின் முதுகெலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், பேச்சுவாக்கில் கேட்பதுபோல இந்தியில் கேட்டார்: "பட்டாளத்துக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீர்கள்?"

வீரபாண்டியின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. திருவனந்தபுரம் சாலை பஜாரில் பிறந்த ஒரு சுமட்டுக்காரன் மகனிடம் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டால் அடக்கமாகப் பதில் வராது.

"மூட்டை தூக்கினேன் சார். பதினாறு வயதிலேயே நூறு கிலோ அரிசி மூட்டை. ஒற்றை ஆளாக!"

டாக்டர் சிரித்தார். வீரபாண்டியும் சிரித்தான். டாக்டரின் பேனா மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தது.

அந்த எழுத்தின் பலன் மூன்று வருடம் கழித்து, ஐப்பசி மழையில் நனைந்து, ஆரியசாலை சந்துக்குள் இருந்த அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பழுப்பு உறை. ஊனமுற்றோர் பென்ஷன் கிடையாது என்று முதலில் சொன்ன கடிதமும் இதே மாதிரி உறையில்தான் வந்தது. மேல்முறையீட்டுக்கும் அதே உறை என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று பிரிக்காமலே தெரிந்துவிட்டது.

வீரபாண்டி நின்றபடியே கஞ்சியைக் குடித்து முடித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க சுவர் வேண்டும், பல்லைக் கடிக்க ஐந்து நிமிடம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் இடது கால் மரத்துவிடும். ஓணக் கூட்டத்தில் ஜவுளிக்கடை வாசலில் காவல் நின்றவன் அப்படியே சாய்ந்து, கண்ணாடிக் கதவோடு விழுந்தான். அன்றோடு அந்த வேலையும் போயிற்று. சாதாரணப் பென்ஷன் வாடகைக்கும் மருந்துக்குமே சரி. இப்போது வீட்டில் அடுப்பெரிவது மனைவி பேச்சியின் விரல்களால். மொத்த வியாபார வற்றல் கடையில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற விரல்கள்.

உறையை மடியில் செருகிக்கொண்டு அவன் வலியசாலை அக்கிரகாரத்துக்கு நடந்தான்.

அங்கே நாகேஸ்வரன் இருந்தார். ஏதோ ஒரு கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பட்டாளத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பது அவருக்கு ராம நாமம் எழுதுவது மாதிரி. காசு வாங்க மாட்டார். அறிவுரையைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கடிதத்தை மூக்குக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். "ஊனம் உண்டுங்கறான். முப்பது சதவீதம். அதுல அவாளுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா பட்டாளச் சேவையாலே வந்தது இல்லையாம். சேர்றதுக்கு முன்னாடியே பளு தூக்கித் தேஞ்சு போன முதுகாம். 'மனுதாரரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்'னு போட்டிருக்கு. மனுதாரர்னா நீர்தான் ஓய்."

"பாலத்துல போன முதுகு சாமி இது."

"நீர் சொன்னா ஆச்சா? பாலத்துக்குக் காகிதம் இருக்கோ? மூட்டைக்கு இருக்கே! நீரே கொடுத்த காகிதம்!" நாகேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "இனிமே தீர்ப்பாயம்தான் வழி. அங்கே போகணும்னா இந்த மூட்டையை முதல்ல இறக்கி வைக்கணும். நாலு வரி அஃபிடவிட் போட்டுடலாம். 'நான் சுமை வேலையே பார்த்ததில்லை. டாக்டர் கிட்டே பெருமைக்கு அளந்தேன்.' முடிஞ்சது."

"பொய்யில்லையா சாமி?"

"நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலை ஓய். கொஞ்சம் மறந்துடும்னு சொல்றேன், அவ்வளவுதான்."

வெளியே இடி இடித்தது. வீரபாண்டிக்கு இடுப்பில் இருந்து கணுக்கால்வரை ஒரு மின்னல் ஓடியது. வலி வந்தால் மனிதன் எதற்கும் தலையாட்டுவான். அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

*

பேச்சி ஆறரைக்கு வந்தாள். கை இரண்டும் தீப்பிடித்த மாதிரி சிவந்திருந்தன. தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தடவ ஆரம்பித்தாள்.

"சாமி என்ன எழுதித் தந்தாரு?"

"ஒண்ணுமில்ல. நான் மூட்டை தூக்குனதே இல்லன்னு."

எண்ணெய் தடவிய கை நின்றது. "யாரு?"

"நான்தான்."

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"ம்."

பேச்சி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு ஆணியில், வீரபாண்டியின் அப்பா பிச்சைக்கனியின் துண்டு தொங்கியது. சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. துவைத்துத் துவைத்துக் கரை ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது.

அது சும்மா துண்டு இல்லை. சாலை பஜார் சுமட்டுக்காரர் கூட்டத்தை விட்டு ஒருவன் வெளியே போக அந்தக் காலத்தில் இரண்டே வழிதான் இருந்தது. உடம்பு நன்றாக இருந்து, வளைகுடாவுக்கோ பட்டாளத்துக்கோ போகிறவன், கடைசி நாளில் நூறு கிலோ மூட்டை ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு மிளகுக் கிட்டங்கியின் இருபத்திரண்டு படிகளையும் ஏற வேண்டும். சுவரில் கை படக் கூடாது. கீழே சந்து முழுக்க நின்று எண்ணும்.

உடம்பு கெட்டுப் போகிறவனுக்கு மூட்டை கிடையாது. கூட்டத்துக்கு வேலை பங்கிடும் தலைவர், பூல் லீடர், ஒரு புதுத் துண்டை எடுத்து அவன் தோளில் போடுவார். 'உன் உடம்பு எங்கள் வேலையில் போனது, ஒப்புக்கொள்கிறோம்' என்று அதற்கு அர்த்தம். அன்று முதல் அவன் வீட்டு அரிசி கூட்டத்தின் பொறுப்பு. துண்டு வாங்கியவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று யாரும் சொன்னதில்லை. டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

பிச்சைக்கனி துண்டோடு வந்தார். மறு வருடம் பட்டாளத்துக்குப் போன வீரபாண்டி மூட்டையோடு படி ஏறினான்.

"நான் அன்னைக்கு வத்தல் கடை நடையில நின்னு படி எண்ணுனேன்," என்றாள் பேச்சி. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பதினெட்டாம் படியில மூச்சு வாங்குனிய. விழுந்துருவியளோன்னு கண்ணை மூடிக்கிட்டேன். தொறக்கும்போது மேல நிக்கிய. அன்னைக்குத்தான் இவரைக் கெட்டணும்னு நெனச்சேன். இப்போ நீங்க ஏறவே இல்லன்னா, நான் யாரைக் கெட்டுனேன்?"

"பேச்சி, காரியம் நடக்கணும்லா..."

"குடையை எடுங்க."

*

நாகேஸ்வரன் சந்தியா வந்தனம் முடித்துவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் வீரபாண்டி, தப்பு செய்த பிள்ளை மாதிரி.

"சாமி, அந்தக் காயிதத்தைத் தாருங்க."

"ஏம்மா, ஜெயிக்கணுமா வேண்டாமா?"

"ஜெயிக்கணும். இவரு ஜெயிக்கணும். மூட்டை தூக்காத வேற எவனோ ஜெயிச்சா எங்களுக்கென்ன?"

"தர்க்கம் பண்ணாதே. இதோ பார்..." என்று காகிதத்தை நீட்டி விளக்கப் போனார். பேச்சி அதை எட்டிப் பிடித்தாள். பத்து மணி நேரம் வற்றல் கிள்ளிய கை, அவர் மூக்குக்கு இரண்டு விரற்கடை தூரத்தில்.

முதல் தும்மலில் கண்ணாடி கழன்றது. இரண்டாவதில் காகிதத்தை விட்டுவிட்டார். ஐந்தாவது தும்மலுக்குப் பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"வஞ்சியூர்ல... ஹச்... ஜெயஷீலான்னு ஒரு வக்கீல் இருக்கா. நான் சொன்னா கேக்கவே மாட்டா. உங்க ரெண்டு பேருக்கும் அவதான் சரி. கடிதம் லேட்டா வந்திருக்கு, தீர்ப்பாயத்துக்குப் போற கெடு திங்கட்கிழமையோட தீர்றது. ஓடுங்கோ!"

*

வியாழக்கிழமை காலை. வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. ஜெயஷீலா பாறசாலைப் பக்கத்துக்காரி. கறுப்புக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"சேட்டா, முதுகு எந்நாள் போச்சு? நாளும் மாசமும் வேணும்."

வீரபாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தக் கதையை அவன் பேச்சியிடமே முழுதாகச் சொன்னதில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஜூலை மாதம். வடக்கே மலையில் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கரையில் அறுநூறு பேர், சோறு இல்லாமல். இரும்புச் சட்டங்களைக் கோத்து உடனடிப் பாலம் போடுவது வீரபாண்டியின் பட்டாளப் பிரிவுக்கு வேலை. ஒரு சட்டம் இருநூற்று அறுபது கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். விடிகிற நேரம், சேற்றில், முன்னால் போனவன் வழுக்கிச் சட்டத்துக்கு அடியில் விழுந்தான். மற்றவர்களின் பிடி நழுவியது.

"நீங்க?"

"விடல மேடம். அவனை இழுத்து எடுக்குற வரைக்கும் பிடிச்சிருந்தேன். இடுப்புக்குள்ள சுள்ளி ஒடிஞ்ச மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டுச்சு."

"ரிப்போர்ட்டு எழுதலையா?"

"மத்தியானம் பாலம் திறந்துட்டு மேடம். சனங்க வரத் தொடங்கியாச்சு. ரிப்போர்ட்டு எழுத ஆருக்கு நேரம்? முகாம் டாக்டர் மாத்திரை தந்தாரு. ஏழு நாள் லேசான வேலைன்னு எழுதுனாரு."

பேச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெயஷீலா மருத்துவக் காகிதங்களைப் புரட்டினாள். "ஏழு நாள். இங்க இருக்கு. அதுக்கு முன்ன பதினஞ்சு வருஷத்துல, முதுகு வலின்னு ஒரு நாளாவது டாக்டர்ட்ட போயிட்டுண்டா?"

"ஒரு நாளும் இல்ல."

"அப்போ அவங்க சொல்லுறத நாம சம்மதிக்கலாம்."

இருவரும் திடுக்கிட்டார்கள்.

"மூட்டை தூக்கினார். சம்மதிச்சு. நூறு கிலோ. அதும் சம்மதிச்சு. தூக்கிட்டு எப்படி இருந்தார்? அதாணு கேள்வி. பட்டாளத்துல சேரும்போது முதுகு நல்லா இருந்துன்னு வெளியில இருந்து ஒரு ஆதாரம் வேணும். ஆராவது கண்டவங்க? ஏதாவது?"

"இருபத்திரண்டு படி," என்றாள் பேச்சி.

கதையைக் கேட்டு முடித்தபோது ஜெயஷீலாவின் புட்டு ஆறிப்போயிருந்தது. "இதுக்கு சாட்சி?"

"அன்னைக்கு பூல் லீடர் தங்கப்பண்ணன் போட்டோ பிடிச்சாரு," என்றான் வீரபாண்டி. "அவரு இப்போ வித்துராவுல மக வீட்டுல."

"திங்கள் காலையில அந்த போட்டோவும், அந்தத் தங்கப்பன் சேட்டனோட அஃபிடவிட்டும் என் மேஜையில இருக்கணும். இல்லைன்னா கேஸ் இல்ல."

*

சனிக்கிழமை. நெடுமங்காடு தாண்டியதும் சாலை வளைய ஆரம்பித்தது. பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலும் வீரபாண்டியின் இடுப்பில் வந்து முடிந்தது. அவன் கம்பியைப் பிடித்து நின்றே வந்தான். பேச்சி தன் பக்கத்துச் சீட்டில் யாரையும் உட்கார விடாமல் பையை வைத்திருந்தாள், அவன் எப்போது வேண்டுமானாலும் சாயலாம் என்று. கண்டக்டர் முறைத்தார். அவள் திருப்பி முறைத்தாள். கண்டக்டர் முன்பக்கம் போய்விட்டார்.

கல்லாறு போகிற வழியில், ரப்பர் தோட்டத்துக்கு ஓரமாக அந்த வீடு. தங்கப்பனுக்கு எழுபத்து நான்கு. கழுத்து இன்னமும் தூண் மாதிரி இருந்தது. முற்றத்தில் நின்ற இருவரையும் பார்த்துவிட்டு அவர் வெற்றிலையைத் துப்பினார்.

"ஆரு?"

"அண்ணா, நான் பாண்டி. பிச்சைக்கனி மகன்."

"எனிக்கு ஒரு பாண்டியத் தெரியும். அவன் சுமடு எடுத்தவன். நீ சுமடே எடுக்காத ஆளல்லே? ஆளு மாறி வந்திருக்கே. பஸ்ஸு மூணு மணிக்குண்டு. போய்க்கோ."

வலியசாலையில் போட்ட கையெழுத்து, அவர்களுக்கு முன்னால் பஸ் ஏறி வித்துராவுக்கு வந்து சேர்ந்திருந்தது. சாலை பஜாரில் எந்தச் செய்தியும் மூட்டையைவிட வேகமாகப் போகும்.

"அண்ணா, அது..."

"மிண்டாதே, வாயை மூடு! உன் அச்சனுக்கு நான் இந்தக் கையால துண்டு போட்டேன். நீ அந்தப் படி ஏறும்போ சாலை முழுக்கக் கூவினோம். எங்க கூட்டத்துல இருந்ததுன்னு சொல்ல உனக்கு நாணக்கேடு, அல்லே? பட்டாளம் போனப்போ சுமட்டுக்காரன் நாறுது, அல்லே?"

பேச்சி வீரபாண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னே போனாள். ரவிக்கைக்குள்ளிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து, கிழவரின் முழங்காலில் வைத்தாள்.

"இதுதான் அந்தக் காயிதம். கோர்ட்டுக்குப் போகல. சாமியைத் தும்ம வச்சு வாங்கிட்டு வந்தேன். வலி பொறுக்க மாட்டாம ஒரு கிறுக்கு கிறுக்கிட்டாரு. அன்னைக்கே திரும்பி வந்து வாங்குனாரு. நாணக்கேடு உள்ளவன் எதுக்கு அண்ணாச்சி இந்த இடுப்போட ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல நின்னுக்கிட்டு வாறான்?"

தங்கப்பன் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆங்கிலம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் தெரிந்தது. வீரபாண்டி நிற்கிற கோணத்தை ஒருமுறை பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்களின் முதுகை ஐம்பது வருடம் பார்த்த கண். எது நடிப்பு, எது நிஜம் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அம்மிணீ! கப்பை ஆயோ?"

மகள் அம்மிணி உள்ளேயிருந்து ஆவி பறக்கும் மரவள்ளிக் கப்பைச் சட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்தாள். தங்கப்பன் அஃபிடவிட்டை பெஞ்சில் விரித்தார். "இதுமேல வை. பெஞ்சு சுடும்."

சட்டி இறங்கியது. சூட்டில் காகிதம் சுருண்டது. மத்தி மீன் குழம்பும் காந்தாரி மிளகாய்த் துவையலும் வந்தன. அந்த மிளகாயைத் தொட்டு நாக்கு எரிந்தபிறகு கோபம் எரிய இடமில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, தங்கப்பன் தகரப் பெட்டியைத் திறந்தார். கூட்டத்தின் படங்களெல்லாம் பாலித்தீன் கவரில் இருந்தன. நடுவில் ஒன்றை உருவினார்.

மிளகுக் கிட்டங்கியின் மேல்படி. தலையில் நூறு கிலோ மூட்டையோடு ஒரு பத்தொன்பது வயதுப் பையன். இரண்டு கையும் காற்றில். முதுகு பனைமரம் மாதிரி நேர். கீழே சந்து நிறைய அண்ணாந்த முகங்கள். ஓரமாக, வற்றல் கடை நடையில், ஒரு பாவாடைக்காரி விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். படத்தின் கீழ் மூலையில் கேமரா அடித்த ஆரஞ்சு நிற எண்கள்: 14 11 98.

"பட்டாளத்து டாக்டர் என்னைச் சோதிச்சது பதினேழாம் தேதி," என்றான் வீரபாண்டி மெதுவாக.

"மூணு நாள்," என்றாள் பேச்சி.

தங்கப்பன் படத்தைக் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டே கேட்டார். "எடா பாண்டி, நாங்க உனக்கு சுமடு தந்து அனுப்பினோம். பட்டாளத்துல இருந்து வரும்போ அவங்க உனக்கு என்ன தந்தாங்க? சுமடா, துண்டா?"

வீரபாண்டி யோசித்தான். "ரெண்டும் இல்ல அண்ணா."

"எங்கிட்ட ரெண்டுல ஒண்ணு இல்லாம ஒருத்தனும் போனதில்ல." தங்கப்பன் சட்டையைத் தேடினார். "வா. எங்க கையொப்பு போடணும்னு காட்டு."

*

மாசி மாதம். பெண்கள் தெருவில் பொங்கல் வைக்கும் ஆற்றுக்கால் பொங்காலைக்காக ஆரியசாலை முழுக்க ரோட்டோரம் செங்கல் அடுப்புக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். வெயில் தார் உருக்கியது. எர்ணாகுளத்துத் தீர்ப்பாயத்தின் விசாரணை காணொளியில் நடந்தது. ஜெயஷீலாவின் மேல்மாடியில் ஒரு லேப்டாப் முன்னால் வீரபாண்டி, பேச்சி, வெள்ளை வேட்டியில் தங்கப்பன். திரைக்குள் இரண்டு பேர்: கண்ணாடி போட்ட நீதிபதி, நரைத்த மீசையோடு ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. மூன்றாவது கட்டத்தில் அரசுத் தரப்பு வக்கீல்.

அரசு வக்கீல் நேராகப் பாய்ந்தார். "மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பதினாறு வயதில் இருந்து நூறு கிலோ சுமை. அந்த முதுகுக்குப் பட்டாளம் எப்படிப் பொறுப்பாகும்?"

"நாங்கள் மறுக்கவே இல்லை," என்றாள் ஜெயஷீலா. படமும், தங்கப்பனின் அஃபிடவிட்டும் திரையில் வந்தன. நீதிபதி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். சத்தியம் செய்தவர் இருக்கிறாரா என்று கேட்டார்.

தங்கப்பன் எழுந்தார். திரை எர்ணாகுளம் வரை தூரம் என்று நினைத்தாரோ என்னவோ, சந்துக்குக் கேட்கிற குரலில் பேசினார். "முதுகு கெட்டவனுக்கு நான் சுமடு கொடுக்காது சார்! துண்டு கொடுக்கும்! இவனுக்கு சுமடு கொடுத்து! இருபத்திரண்டு படி!" கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார்.

அப்போது அதுவரை பேசாமலிருந்த நரைமீசை முன்னால் சாய்ந்தார். "ஹவில்தார், உட்கார்ந்து பேசுங்கள்."

"நிக்கிறேன் சார். உட்கார்ந்தா எழும்ப நேரமாகும்."

"அந்தப் பாலச் சட்டம். மற்ற நான்கு பேரின் பிடியும் நழுவியது. நீங்கள் ஏன் விடவில்லை?"

வீரபாண்டியின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. ஜெயஷீலாவுக்கு அது தெரிந்தது. வேண்டாம் என்று மேஜைக்கு அடியில் கை காட்டினாள். அவன் பார்க்கவில்லை.

"சுமட்டுக்காரன் சார். அடியில ஆளு இருந்தா எங்க கூட்டத்துல சுமடை விடமாட்டோம்."

ஜெயஷீலா கண்ணை மூடிக்கொண்டாள். அரசு வக்கீல் துள்ளினார். "பார்த்தீர்களா! மறுபடி அவரே சொல்கிறார்! சுமை தூக்கிய உடம்பு..."

"ஒரு நிமிடம்." நரைமீசை கையை உயர்த்தினார். அவர் முகம் மாறியிருந்தது. அதே மாதிரிச் சட்டத்தை எப்போதோ தானும் தூக்கிய முகம் அது. "வக்கீலம்மா, நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள்."

ஜெயஷீலா எழுந்து நின்றாள். அவசரப்படவில்லை. "பதினான்காம் தேதி இவர் நூறு கிலோவோடு இருபத்திரண்டு படி ஏறினார். பதினேழாம் தேதி ராணுவ டாக்டர் இவர் முதுகைத் தட்டிப் பார்த்துக் குறையில்லை என்று எழுதினார். இருபத்து நான்கு வருடம் கழித்து இன்னொரு ராணுவ டாக்டர், இது முன்னாலேயே கெட்ட முதுகு என்று எழுதுகிறார். எனக்கு ஒரே கேள்வி. இவரை உள்ளே எடுத்த டாக்டர் எழுதியது பொய்யா, வெளியே அனுப்பிய டாக்டர் எழுதியது பொய்யா? இரண்டும் உங்கள் ஆட்கள்தான். யாரை வேண்டுமானாலும் கைகாட்டுங்கள்."

அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். திரை உறைந்துவிட்டதோ என்று பேச்சி சந்தேகப்பட்டாள். உறையவில்லை. அவர் இன்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் பேச்சி அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. பெட்டிக்கடையில் வாங்கிய இரண்டங்குல ஆணியோடு சுவர்ப் பக்கம் போனாள். வாசலில் பொங்காலைக்கு எடுத்து வைத்திருந்த செங்கல் ஒன்றை எடுத்தாள். மாமனார் துண்டுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, ஓங்கி அடித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது.

"ஏட்டி, தீர்ப்பு வரட்டும்லா. அதுக்கப்புறம் அடிச்சா போதாதா?"

"அவங்க தந்தா அடிக்கது, தரலைன்னா அடிக்காம இருக்கது, அது என்ன கணக்கு? உங்க இடுப்பு போனது எனக்குத் தெரியும். தங்கப்பண்ணனுக்குத் தெரியும். அந்தப் பாலத்துல வந்த அறுநூறு பேருக்குத் தெரியும்." இன்னொரு அடி. "ஆணி இருக்கட்டும். துண்டு வாற அன்னைக்கு வரட்டும். வரலைன்னா வர வைப்போம்."

பத்தொன்பதாம் நாள் காலை, வாசலில் நாகேஸ்வரன் நின்றார். மேல்துண்டால் மூக்கை இறுக்கிப் பொத்தியிருந்தார்.

"உள்ளே வரமாட்டேன் அம்மா. போன தடவை தும்மினது நாலு நாள் நிக்கலை. ஜெயஷீலா ஃபோன் பண்ணினா. தீர்ப்பை நான்தான் வாசிச்சுச் சொல்லணும்னு சொல்லிட்டேன். நான் எழுதினது தோத்துப் போச்சுன்னு நானே சொல்றதுதானே முறை?" காகிதத்தை விரித்தார். "மனு ஏற்கப்படுகிறது. ஊனம் ராணுவச் சேவையால் ஏற்பட்டது. மூணு மாசத்துக்குள்ளே பென்ஷன். அதோட ஒரு வரி, கேளும் ஓய்: 'மனுதாரர் தன் பழைய தொழிலை மறைக்காதது அவருடைய நேர்மைக்குச் சான்று.'"

வீரபாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டான். பேச்சி காகிதத்தை வாங்கினாள். மேல் ஓரத்தை ஆணியில் குத்தி இறக்கினாள். சிவப்புக் கரைத் துண்டும் அதுவும் காற்றில் சேர்ந்து ஆடின.

"சந்தோஷம்தான்," என்றார் நாகேஸ்வரன் துண்டுக்குள் இருந்து. "ஆனா ஒண்ணு சொல்லிடணும். அவா விடமாட்டா. இன்னும் மேலே போவா. அதுக்கு மேலேயும் கோர்ட்டு இருக்கு."

வீரபாண்டி நிமிர்ந்தான். முழுவதும் நிமிர முடியவில்லை. முடிந்த மட்டும் நிமிர்ந்தான்.

"மேலே எத்தனை படி சாமி?"

நாகேஸ்வரன் விழித்தார். வீரபாண்டிக்குப் பின்னால் பேச்சி ஏற்கெனவே ஒரு விரலை மடக்கியிருந்தாள்.

"ஒண்ணு," என்றாள்.